சின்னப் படைக்கு ஒரு வேண்டுதல்

இன்று காலை சாமி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முருகனை எடுத்துக் கீழே வைத்தேன், லட்சுமியை எடுத்துக் கீழே வைத்தேன். அடுத்து உன் சம்மனசை எடுத்தபோது அதன் கொடி மட்டும் தனியே கையோடு வந்துவிட்டது. ரவிக்கை லைனிங்கில் கத்தரித்து, விளக்குமாற்றுக் குச்சியில் நீ ஒட்டிய சிவப்புக் கொடி. துணி தொட்டால் உதிர்கிறது. பொம்மைக்கு நீ அடித்த பெயின்ட் வாசனை இன்னும் கொஞ்சம் இருப்பதுபோல் இருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்கே இருக்கப்போகிறது, எல்லாம் என் மூக்கின் ஆசை. ஆனாலும் முகத்தருகே வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலிக்காரி தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும் என்பதுகூட மறந்துபோயிற்று.

சம்மனசு என்றால் தேவதூதர் என்று எனக்குச் சொன்னவளே நீதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு ஆவடியில் எல்லாமே புதுசு. ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் என்னைக் காலர் வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்து வரிசையில் நீ பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாய். முதல் நாள் நான் யாரிடமோ கத்தரிக்கோல் கேட்டேன். நீ மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பி, “இன்னாம்மே, பேசறியா, பாட்டுப் பாடறியா?” என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நாங்க பேசுதது பாட்டுன்னா நீங்க பேசுததுக்குப் பேரு என்ன, வைதலா?” என்றேன். நீ சிரித்த சிரிப்பில் உன் மெஷினில் நூல் அறுந்துபோனது. அன்றிலிருந்து நான் உனக்குத் தின்னேலி. வேறு பெயரில் நீ என்னைக் கூப்பிட்டதே இல்லை.

குவார்ட்டர்ஸில் நீ கீழ்வீடு, நான் மேல்வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய்த் துருவி கேட்டு இறங்கி வந்தவள், உன் வீட்டுத் தரையில் ஒரு பச்சைப் போர்வை விரித்திருப்பதையும் அதன்மேல் பொடிப்பொடியாக ஈயச் சிப்பாய்கள் நிற்பதையும் பார்த்துத் திகைத்துப் போனேன். உன் அம்மா பூந்தமல்லிப் பக்கம் ஒரு கோயிலில் வெளிநாட்டுப் பாதிரியாருக்குச் சமைத்துப் போட்டவர். பாதிரியார் வயதாகி ஊருக்குத் திரும்பும்போது, சின்ன வயதிலிருந்து தான் வைத்து விளையாடிய சிப்பாய்ப் பெட்டியை அம்மாவிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவுக்குப் பிறகு அது உன்னிடம் வந்தது.

“இது பிள்ளையள் விளையாட்டுல்லா?” என்றேன்.

“ஆமா. எங்க உன் புள்ளைங்க? ரெண்டும் கிரிக்கெட்டாடப் போய்ட்டானுங்க. எம்மவளும் பக்கத்தூட்டு டிவி முன்னால குந்திக்கினு கீறா. அப்போ யாரு ஆடறது? வாரமெல்லாம் சோல்ஜருக்குச் சட்டை தெக்கிறோம், ஒரு நாளு நாம்ப சொல்றத அவன் கேட்டா இன்னா கொறஞ்சுபுடும்?”

துருவியை மறந்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று எங்கள் வீட்டில் தேங்காய் இல்லாத குழம்புதான்.

அந்தப் பெட்டியில் எதுவும் முழுசாக இல்லை. ரோமாபுரிக்காரர்கள் கேடயமும் ஈட்டியுமாகக் கொஞ்சம் பேர். பாரசீக வில்லாளிகள், பாதிப் பேருக்கு வில் இல்லை. எகிப்து ரதம் இரண்டு, அதில் ஒன்றுக்குக் குதிரை இல்லை. ஆட்டுத்தோல் போர்த்திய குளிர்தேசத்து முரடர்கள். எனக்கு இவர்கள் யாருமே வேண்டாம், பாண்டியப் படை வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பொம்மை வார்க்கும் அச்சுகள் உங்கள் வீட்டில் இருந்தன. குழந்தை ஏசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களின் யானை அச்சில் பிளாஸ்டரை ஊற்றி எனக்கு யானைப்படை செய்து கொடுத்தாய். இடையர்களின் கையிலிருந்த கோல் ஈட்டியானது. யானைக் கொடியில் நான் மீன் வரைந்தேன். “எங்க ராஜாவோட யானைய உங்க பாண்டியனுக்கு வாடகைக்கு உட்டுக்கீறேன், பத்திரமா திருப்பிக் குடு” என்றாய். வார்க்கும்போது இறக்கை உடைந்துபோன சம்மனசு ஒன்று மிஞ்சியது. அதைத் தூக்கிப் போட உனக்கு மனசு வரவில்லை. கையில் கொடியைக் கொடுத்து உன் படைக்குக் கொடிக்காரி ஆக்கினாய்.

பெட்டியோடு ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகம் இருந்தது. எந்தச் சிப்பாய்க்கு எத்தனை மதிப்பு, இரண்டு படைகளையும் எப்படிச் சமமாகப் பிரிப்பது என்று சொல்லும் பக்கங்களைத்தான் ராமபாணப் பூச்சி பார்த்துப் பார்த்துத் தின்றிருந்தது. சமமாகப் பிரிக்க வழி தெரியவில்லை. ஆகவே வீட்டில் பலகாரம் பங்கு வைக்கிற முறையைக் கொண்டுவந்தோம். ஒருத்தி பிரிக்க வேண்டும், மற்றவள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் பிரித்தால் தராசு பிடித்ததுபோல் பிரிப்பேன், உனக்கு ஒரு ஆள்கூடக் கூடுதலாகப் போய்விடக் கூடாதே. நீ பிரித்தால் ஒரு பக்கம் யானை, ரதம், குதிரை எல்லாம் இருக்கும், மறுபக்கம் நோஞ்சான்கள் நாலு பேர். நான் கூச்சமே இல்லாமல் யானைப் பக்கம் உட்காருவேன்.

“ஏட்டி, உனக்குக் கணக்குத் தெரியாதா, இல்ல தோக்கணும்னு ஆசையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ரெண்டும் சமமா இருந்தா ஆட்டத்துல இன்னா கீது? சின்னப் படை பெரிய படைய வெட்டிச் சாச்சு ஜெயிக்கிறதுலாம் சினிமாவுல நடக்கும். சின்னப் படைக்கு ஒரு வேண்டுதல்தான் கீது. அது நடந்துச்சுன்னா, ஆளு அத்தினி பேரும் பூட்டாலும் அதுதான் ஜெயிச்சுது. இன்னா சொல்ற?”

வேண்டுதலைப் பற்றி எனக்கு விளக்க வேண்டுமா. நீ வேளாங்கண்ணிக்கு நடந்தவள், நான் திருச்செந்தூரில் முடி கொடுத்தவள். அன்றே சட்டம் எழுதாமலே நிலைத்துவிட்டது. ஆட்டம் தொடங்கும் முன் சின்னப் படைக்காரி தன் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். படைகள் சமமாக இருந்தால் வேண்டுதல் கிடையாது. நீல லைனிங் துணிதான் ஆறு, அடிக்கோல்தான் பாலம். மாதா கோயில் பூசை முடிந்து வரும்போது கறி வாங்கி வந்து குக்கரை ஏற்றிவிட்டு உட்காருவாய். “மூணாவது விசில் வரிக்கும் பாலத்த உட மாட்டோம், அதான் வேண்டுதல்” என்பாய். நான் யானைகளை மோத விடுவேன், பாம்புக்கட்டப் பகடையை உருட்டு உருட்டென்று உருட்டுவேன். உன் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாய்வார்கள். கடைசி ஒருத்தன் பாலத்தில் நிற்கும்போது சமையலறையிலிருந்து மூன்றாவது விசில் வந்துவிடும். நீ எழுந்து அடுப்பை அணைக்கப் போவாய். எனக்கு வயிறெரியும்.

எந்தப் படையோடு எந்தப் படையை மோத விடுவது என்பதில் நமக்கு வெட்கமே கிடையாது. ரோமாபுரியும் பாண்டியனும் மோதினார்கள், எகிப்து ரதத்தின் மேல் குளிர்தேசத்து முரடர்கள் பாய்ந்தார்கள். “ரோமாபுரிக்காரன் எங்க பக்கம் மிளகு வாங்க வந்தவன்ட்டி, சண்டைக்கு வந்தவன் இல்ல” என்றேன் ஒருமுறை.

“மொளகுல கல்லு கலந்து குட்த்துட்டீங்க. அதான் சண்டைக்கு வந்துக்கீறான்.”

என் பெரியவன் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “அம்மா, இவங்களுக்கும் அவங்களுக்கும் ஆயிரம் வருஷ வித்தியாசம், சந்திச்சிருக்கவே முடியாது” என்று நம் இருவருக்கும் பாடம் எடுத்தான். நீ பகடையை உருட்டிக்கொண்டே சொன்னாய்: “உங்கம்மா தின்னேலி, நான் பூந்தமல்லி. நாங்களே ஒண்ணா குந்திக்கினு கீறோம். அவனுங்க சந்திச்சா இன்னாவாம்?” அவன் புத்தகத்தை மூடிக்கொண்டு விளையாடப் போய்விட்டான்.

இன்னொரு வழக்கமும் உண்டே, அதை மறக்க முடியுமா. பிடிபட்ட ஆள் பிடித்தவள் வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்துத்தான் மீட்க வேண்டும். உன் ரோமாபுரிக்காரர்கள் வாரம் முழுவதும் எங்கள் வீட்டு உப்பு ஜாடி பக்கத்தில் நிற்பார்கள். திங்கட்கிழமை மெஷினில் உட்காருவதற்கு முன்பே நீ கேட்பாய்: “என் ஆளுங்க சாப்டாங்களா?” முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. “புடிச்சு வெச்சவ சோறு போடணும்டி. பட்டினி போட்டா பாவம்” என்றாய். அதன்பிறகு நானும் சளைக்கவில்லை. இட்லி, சட்னி, உன் ஆள் ஒருத்தன் காரம் தாங்காமல் அழுதான் என்று அளந்துவிடுவேன். வரிசை முழுவதும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் உப்பு எடுக்கப்போய், ஜாடி ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கையைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாவம், நல்ல மனிதர், உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இத்தனை பேச்சு பேசுகிறவள், உனக்கென்று யாரிடமும் எதையும் கேட்க மாட்டாய். துபாய் போன உன் புருஷன் போனவர் போனவர்தான், கடிதமும் நின்றுபோனது. அதைப் பற்றி ஒரு சொல் உன் வாயில் வந்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததே, நினைவிருக்கிறதா? குடம் மிதந்து சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டுத்தான் நான் இறங்கி வந்தேன். முழங்கால் தண்ணீரில் நீ தனியாக அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தாய். சிப்பாய்ப் பெட்டி ஏற்கெனவே பரணில் பத்திரமாக இருந்தது.

“மாடியில நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு குரல் குடுத்தா வாய் வலிக்குமா?” என்று கத்தினேன்.

“கேட்டு வாங்குனா அது தொண்டையிலயே நிக்கும்டி” என்றாய். அவ்வளவுதான். மூட்டையின் மறுமுனையை நானே பிடித்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. எடுத்தார்கள். மறுபடி வந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். உன் மகள் ஸ்டெல்லா அப்போதுதான் வேலப்பன்சாவடிப் பக்கம் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள். குமணன்சாவடியிலிருந்து உன் அண்ணன் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது மாடிப்படி வரைக்கும் கேட்டது. “நீ கண்ண மூடிட்டா இந்தக் குவார்ட்டர்ஸும் பூடும். வயசுப் பொண்ண எங்க வெச்சிப்பேன்? மாப்ள ரெடியா கீறான். படிப்பு எங்க ஓடிடப் போவுது?” உன் அண்ணன் கெட்டவர் இல்லை, பயந்தவர். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அந்தப் படிப்புக்காக நீ எத்தனை வருஷம் ஓவர்டைம் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். “எம்மவள தூக்கிக் குடுக்கிற அளவுக்கு நான் இன்னும் சாவல, தின்னேலி. போய் வேலையப் பாரு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதற்குமேல் நான் எப்படிப் பேசுவேன். நீ வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஊரே எதிர்த்து வந்தாலும் பார்த்துக்கொள்வேன் என்று ஒவ்வொரு நாளும் படியிறங்கி வந்தேன். நீ கேட்கவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது, மாடிக்குப் போய் அழுதேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. “பெட்டிய எறக்கு, ஆடலாம்” என்றாய். கட்டிலை ஒட்டி ஸ்டூல் போட்டு, அதன்மேல் பலகை வைத்து, போர்வையை மடித்து விரித்தேன். ஸ்டெல்லா குக்கரை ஏற்றினாள். பிரிக்க வேண்டிய முறை என்னுடையது. ஒரு ஆள் குறைந்தாலும் அந்தப் பக்கம்தான் நீ உட்காருவாய், அன்று அதற்கு விட எனக்கு மனசு வரவில்லை. யானைக்கு யானை, வில்லுக்கு வில் என்று மயிரிழை பிசகாமல் பிரித்து வைத்தேன்.

நீ தலையணையில் சாய்ந்தபடி வெகுநேரம் பார்த்தாய். “இன்னாடி இது?”

“படைதான்.”

“ரெண்டும் ஒண்ணா கீது. எப்பவும் ஒரு ஆளு ரெண்டாளாவது எறங்கும், ஏறும். இன்னிக்கு அதுகூட இல்ல.”

“அதுக்கு என்ன, நல்லதுதான.”

“சமமா வெச்சா எனக்கு வேண்டுதல் கெடயாது. பாவம்னு நெனச்சு எங்கிட்டேருந்து அத்தயும் புடுங்கிக்கினியா?”

நீயே கையை நீட்டி உன் பக்கத்து யானைகளை என் பக்கம் தள்ளினாய். ரதத்தைத் தள்ளினாய். கடைசியில் உன்னிடம் ரோமாபுரிக்காரர்கள் நாலைந்து பேரும் கொடி பிடித்த சம்மனசும்தான் மிச்சம். “இப்ப ஆடு” என்றாய்.

“வேண்டுதலைச் சொல்லு.”

“முடியட்டும், சொல்றேன்.”

“அது சட்டம் இல்ல.”

“சட்டம் போட்டதே நான்தாண்டி.”

நான் விட்டுக்கொடுத்து ஆடவில்லை. ஆடினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அப்புறம் என்னோடு பேசவே மாட்டாய். இரண்டாவது விசில் வரும்போது உன் ஆட்கள் எல்லாரும் சாய்ந்துவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், என் ஆட்களின் கைக்கு எட்டாத மூலையில் சம்மனசு மட்டும் நின்றது. அங்கேயே நின்றால் மூன்றாவது விசில் வரை அதை யாரும் தொட முடியாது. நீ அதன் தலையில் விரலை வைத்தாய். மெதுவாக நகர்த்தி, பாலத்தைத் தாண்டி, என் யானைகளுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாய்.

“ஏட்டி, என்ன பண்ணுத? அங்கன நின்னாலே போதும்லா. இங்க வந்தா மாட்டிக்கிடுவா.”

“மாட்டட்டும்” என்றாய். “உங்கிட்டதான மாட்டறா.”

நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளே மூன்றாவது விசில் அடித்தது. ஸ்டெல்லா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

“எடுடி. புடிபட்டா எடுக்கணும்.”

எடுத்தேன். என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

“என் வேண்டுதல் நடந்துபோச்சு. ஜெயிச்சது நானு” என்றாய். மூச்சு வாங்கியது, ஆனாலும் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்திருந்தது. “அடுத்த ஆட்டத்துல நான் வந்து மீக்கிற வரிக்கும் சோறு போடணும். தெரியுமில்ல?”

“தெரியும்ட்டி. எனக்கா தெரியாது?”

அடுத்த ஆட்டம் நடக்கவில்லை. நீ போய் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு உன் அண்ணன் ஸ்டெல்லாவின் பெட்டியை எடுக்க வந்தார். நான் படியை மறித்து நின்றேன். “படிப்பு முடியட்டும்ணே. அதுவரைக்கும் அவ எங்க வீட்டுல இருப்பா.”

“நீங்க யாருமா இதுல?” என்றார்.

“பிடிச்சு வச்சிருக்கவ” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நின்ற ஸ்டெல்லா, நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே பெட்டியைத் தூக்கி மாடியில் வைத்துவிட்டுப் போனார். என் பையன்கள் இரண்டு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு மாறினார்கள். அவர்களை நான் கேட்கக்கூட இல்லை.

ஸ்டெல்லா உன் வார்ப்பு. போட்டதைச் சாப்பிடுவாள், இன்னும் கொஞ்சம் என்று கேட்க மாட்டாள். நானாகப் பார்த்துப் போட்டால் உண்டு. எனக்குப் பழைய கோபம் வரும், அடக்கிக்கொள்வேன். படித்து முடித்தாள், அம்பத்தூரில் வேலைக்குப் போனாள், அவளுக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டாள். இப்போது அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு. பல ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிடுவாள். சம்மனசை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று ஒருதரம் கேட்டாள். உங்கம்மா வந்து ஜெயிச்சு மீட்டுக்கிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தொழிற்சாலையிலோ வீட்டிலோ யாராவது என்னிடம் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றால், இவர்களுடைய வேண்டுதல் என்ன என்று யோசிக்கிற பழக்கம் உன்னால் எனக்கு ஒட்டிக்கொண்டது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களிடம் சட்டம் பேசாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். என் முன்கோபத்துக்கு இது பெரிய விஷயம், நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். தரையில் உட்கார்ந்திருந்த என்னைத் தூக்கிவிட்டதே ஸ்டெல்லாதான். கொடியைப் பார்த்துவிட்டு ஊசி நூல் எடுத்து வந்தாள். சிவப்பு லைனிங் துணியில் புதுக் கொடி கத்தரித்து, அதே குச்சியில் தைத்துவிட்டோம். சம்மனசு மறுபடி முருகனுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

மத்தியானம் கறிக்குழம்பு. மூன்று விசில் விட்டு இறக்கினேன். நாளைக்குத் திங்கட்கிழமை, நீ எங்கிருந்தாலும் கேட்பாய், அதனால் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். உன் ஆள் சாப்பிட்டாள். தட்டை நீட்டி, “அத்தே, இன்னும் கொஞ்சம் ஊத்து” என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.